கோடு கற்ற கண்: சத்யஜித் ராய் வாழ்வில் ஓவியமும் திரையும்

ஒரு திரைப்படத்தைப் பாராட்ட நினைக்கும்போது அதன் காட்சிகள் ஓவியம் போல் அமைந்துள்ளன என்று கூறுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கவிதையைப் பாராட்டும்போதும் இதே சொல்லைக் கையாளுகிறோம். இப்பாராட்டின் பொருள் யாது என்று சற்று நின்று கேட்டால், அந்தி வானம், மலைச்சாரல், நீரில் விழுந்த நிலவு என்ற அளவிலேயே விடை நின்றுவிடுகிறது. ஓவியம் என்றால் கண்ணுக்கினிய காட்சி என்று பொருள்கொள்வதால் வந்த விளைவு இது. இவ்வெண்ணம் ஓவியத்தையும் குறுக்குகிறது, திரையையும் குறுக்குகிறது. ஓவியத்தை முறையாகப் பயின்று, தாம் ஓவியரல்லர் என்று உணர்ந்து விலகி, அக்கல்வியின் பயன் முழுவதையும் திரைக்கு அளித்த ஒருவரின் வாழ்வு இதனைத் தெளிவாக்கும். அவர் வங்கம் ஈன்ற சத்யஜித் ராய் (1921–1992).

ஓவியத்துக்கும் இந்தியத் திரைக்கும் உள்ள உறவு ராயோடு தொடங்கியதன்று. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வை மக்கள் முன் வைத்த தாதாசாகேப் பால்கே, பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்றவர், அச்சுத் தொழிலும் அறிந்தவர். ரவிவர்மாவின் தெய்வப் படங்கள் வண்ண அச்சில் வீடுதோறும் பரவியிருந்த காலம் அது. மக்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்த அவ்வுருவங்களின் உடையையும் அணியையும் நின்ற நிலையையும் புராணப் படங்கள் எடுத்துக்கொண்டன. அங்கே ஓவியம் திரைக்கு ஆயத்தமான உருவங்களை வழங்கியது. ராய் ஓவியத்திடமிருந்து பெற்றது உருவங்களை அன்று; பார்க்கும் முறையை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

அச்சகத்து வீடு

சத்யஜித் 1921ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் கல்கத்தாவில், கார்ப்பார் சாலையில் இருந்த குடும்ப இல்லத்தில் பிறந்தார். அவ்வீட்டிலேயே அச்சகமும் இயங்கியது. பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி சிறுவர் இலக்கிய ஆசிரியர், ஓவியர், இசையறிஞர். படங்களைப் புள்ளிகளாகப் பகுத்து அச்சிடும் கட்டைத் தொழிலில் அவர் கண்ட நுட்பங்களை இங்கிலாந்தின் அச்சுத்துறை ஏடுகள் வெளியிட்டன. 1913இல் ‘சந்தேஷ்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியவரும் அவரே. தந்தை சுகுமார் ராய் அச்சுத் தொழில்நுட்பத்தை இங்கிலாந்தில் பயின்று வந்தவர். பொருளின்மையையே பொருளாகக் கொண்ட ‘ஆபோல் தாபோல்’ பாடல்களை இயற்றி, அவற்றுக்குப் படங்களையும் தாமே வரைந்தார். சொல்லும் கோடும் ஒரே கையிலிருந்து பிறப்பது அக்குடும்பத்தின் இயல்பாக இருந்தது.

அந்த வளம் பேரனுக்கு நிலைக்கவில்லை. சத்யஜித்துக்கு இரண்டரை வயது நிரம்பும் முன்னரே, 1923இல் சுகுமார் மறைந்தார். சில ஆண்டுகளில் குடும்ப நிறுவனமும் நொடித்தது. தாய் சுப்ரபா மகனை அழைத்துக்கொண்டு தம் உடன்பிறந்தார் இல்லம் சேர்ந்தார். தையல் கற்பித்துப் பொருளீட்டினார். அச்சு மையின் மணமும், படம் தலைகீழாகி மீண்டும் நேராகும் விந்தையும் இளம்பருவ நினைவாக மட்டும் மகனிடம் தங்கின. பிற்காலத்தில் எழுத்துருக்களை வடிவமைத்ததும், 1961இல் ‘சந்தேஷ்’ இதழை மீட்டெடுத்து அதற்கென எழுதியும் வரைந்தும் வந்ததும் அவ்விழப்புக்கு அவர் கண்ட ஈடு எனலாம்.

சாந்திநிகேதனம்

மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற பின், தாயின் விருப்பத்துக்கு இணங்கி 1940இல் சாந்திநிகேதனத்தின் கலாபவனத்தில் சேர்ந்தார். விருப்பத்தோடு சென்றார் என்று கூறுவதற்கில்லை. மேலைநாட்டு இசையிலும் அமெரிக்கத் திரைப்படங்களிலும் தோய்ந்திருந்த நகரத்து இளைஞர் அவர். ஓவியராகும் எண்ணமும் அவருக்கு இல்லை. விளம்பரக் கலையில் ஈடுபடுவதற்கு உரிய பயிற்சி கிடைத்தால் போதும் என்றே கருதினார்.

அங்கே இரு ஆசிரியர்கள் அவர் பார்வையை மாற்றினர். ஒருவர் நந்தலால் போஸ். உருவத்தின் புறக்கோட்டை மட்டும் பின்பற்றுதல் வரைதல் ஆகாது என்பது அவர் பாடம். மரம் மண்ணிலிருந்து மேலெழுகிறது. தூரிகையும் அடியிலிருந்து மேல்நோக்கிச் செல்லவேண்டும். பொருளின் உள்ளே ஓடும் உயிர்ப்பைக் கை உணர்ந்த பின்னரே கோடு பிறக்கும். மற்றவர் வினோத்பிகாரி முகர்ஜி. பிறவியிலேயே பார்வை குன்றியவர். ஒரு கண் முற்றும் பயனற்றது. மற்றொரு கண்ணின் மங்கிய ஒளியைக் கொண்டு, மாணவர் விடுதியின் கூரை முழுவதும் வீரபூமி மாவட்டத்துச் சிற்றூர் வாழ்வை 1940இல் தீட்டியிருந்தார். குளத்தைச் சுற்றி மரங்களும் மாடுகளும் மனிதரும் அன்றாடத் தொழிலில் இருக்கும் காட்சி அது. இதிகாச நிகழ்ச்சியோ வீரச்செயலோ அதில் இல்லை. புதிதாக வந்த மாணவர் அக்கூரையின் கீழ் நின்று வியந்தார். பின்னாளில் அவர் திரையில் படைத்த சிற்றூரின் வித்தை அங்கே காண்கிறோம்.

சீன, சப்பானிய ஓவியங்களின் சிக்கனத்தையும் அங்குதான் கற்றார். வெற்றிடமும் பேசும் என்பதும், ஒரு கிளையை முற்ற உணர்ந்து வரைந்தால் காடு முழுவதையும் வரைய வேண்டியதில்லை என்பதும் அக்கலையின் அடிப்படைகள். அஜந்தா, எல்லோரா, கஜுராஹோ முதலிய இடங்களுக்கு உடன்பயில்வோருடன் சென்று வந்த பயணம், இந்தியக் கலையின்பால் அவருக்கிருந்த அயன்மையைப் போக்கிற்று. அதே வளாகத்து நூலகத்தில் பால் ரோதா முதலியோர் எழுதிய திரைக்கலை நூல்களையும் படித்தார். ஓவியம் பயிலும் இடத்தில்தான் திரைப்படம் ஒரு கலை என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது.

ஐந்தாண்டுப் பயிற்சியை அவர் நிறைவு செய்யவில்லை. தம்முள் ஓர் ஓவியர் இல்லை என்று உறுதியாக உணர்ந்து 1942இன் இறுதியில் கல்கத்தா திரும்பினார். இம்முடிவைத் தோல்வி என்று கருத வேண்டியதில்லை. தன் ஆற்றல் எங்கே இல்லை என்று தெளிந்தவனுக்கே அது எங்கே உள்ளது என்று தேடும் உரிமை வாய்க்கிறது.

நூல் அட்டையும் எழுத்தும்

1943இல் ஆங்கிலேய விளம்பர நிறுவனமான டி.ஜே. கீமரில் மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு டி.கே. குப்தா தொடங்கிய சிக்னெட் பதிப்பகம், நூல் வடிவமைப்பில் அவருக்கு முழு உரிமை அளித்தது. நேருவின் ‘இந்தியாவைக் கண்டறிதல்’, ஜீவனானந்த தாஸின் ‘வனலதா சென்’ ஆகியவற்றின் அட்டைகள் அவர் கைவண்ணம். நூலைத் திறக்கும் முன்னரே அதன் உள்ளோசையைக் கண்ணுக்குக் காட்டுவது அட்டையின் கடமை என்று அவர் கொண்டார். கவிதை நூல்களை வெளியிடும் நம் போன்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

அப்பதிப்பகத்துக்காக அவர் ஏற்ற பணி ஒன்று அவருடைய வாழ்வையே திருப்பியது. விபூதிபூஷண் வந்த்யோபாத்யாயாவின் ‘பதேர் பாஞ்சாலி’ புதினத்தைச் சிறுவர்க்கெனச் சுருக்கி ‘ஆம் ஆந்திர் பேன்பு’ என்னும் பெயரில் வெளியிட்டபோது, அதற்குப் படங்கள் வரையுமாறு பணிக்கப்பட்டார். படம் வரைபவர் கதையை வாசகரைப் போல் படிப்பதில்லை. எந்தக் கணத்தில் நிற்பது, எங்கிருந்து நோக்குவது, எதை விடுவது என்னும் மூன்று வினாக்களோடு படிக்கிறார். இயக்குநரின் வினாக்களும் அவையே. மழையில் ஒடுங்கி நிற்கும் சிறுவர் போன்ற சில படங்கள், பத்தாண்டுகளுக்குப் பின் அசையும் காட்சிகளாகத் திரையில் தோன்றின.

1947இல் நண்பர்களுடன் கல்கத்தா திரைப்படக் கழகத்தை நிறுவினார். 1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் ‘நதி’ படத்துக்கு இடம் தேடிக் கல்கத்தா வந்தார். அவர் ஓவியர் ஒகுஸ்த் ரென்வாரின் மகன் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அவருடன் வங்கத்தின் ஊர்ப்புறங்களில் சுற்றிய ராய், தம் மண்ணைப் புதிய கண்ணால் கண்டார். 1950இல் அலுவலின் பொருட்டு இலண்டனில் தங்கிய சில மாதங்களில் நூற்றுக்குச் சற்றுக் குறைவான படங்களைப் பார்த்தார். அவற்றுள் டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’, பெருஞ்செல்வமும் படப்பிடிப்புக் கூடமும் இன்றித் தெருவிலேயே ஒரு காவியம் படைக்கலாம் என்னும் துணிவை அவருக்கு அளித்தது.

வரைந்த திரைக்கதை

‘பதேர் பாஞ்சாலி’க்கு வழக்கமான எழுத்து வடிவத் திரைக்கதை கிடையாது. ஓர் ஏட்டில் கறுப்பு மைத்தீற்றலாகக் காட்சிகளை வரிசையாக வரைந்து வைத்திருந்தார். பொருள் முதலீடு செய்வோரிடம் அதைக் காட்டிக் கதை கூறினார். வசனமும் பாட்டும் எங்கே என்று தேடியவர்களுக்கு அவ்வேடு விளங்கவில்லை. பின்னாளில் அது பாரிசு நகரத் திரைப்படக் காப்பகத்துக்கு அளிக்கப்பட்டது.

1952 அக்டோபர் இறுதியில் நாணல் பூத்த வெளியொன்றில் படப்பிடிப்பு தொடங்கியது. அடுத்த வாரம் திரும்பிச் சென்றபோது பூக்களை எல்லாம் மாடுகள் மேய்ந்திருந்தன. காட்சியை முடிக்க அடுத்த பூக்கும் பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அப்போது 21 வயது இளைஞர். அதற்கு முன் திரைப்படக் கருவியை இயக்கியவரல்லர். கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா, ரென்வாரின் படத்தில் உதவியாளராக இருந்தவர். பணம் தீர்ந்தது, மனைவி விஜயாவின் நகைகள் அடகுக்குச் சென்றன, பணி பலமுறை நின்றது. இறுதியில் மேற்கு வங்க அரசின் உதவியால் நிறைவுற்று, 1955 ஆகஸ்டில் கல்கத்தாவில் வெளியாயிற்று. மறு ஆண்டு கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்னும் சிறப்பைப் பெற்றது.

இப்படத்தில் ஓவியக் கல்வியின் பயன் எங்கே உள்ளது? நாணற் பூக்களின் அழகில் அதைத் தேடுவோர் பலர். அவ்வழகை மறுப்பதற்கில்லை. எனினும் படத்தின் இறுதிப் பகுதியில் வரும் ஒரு சிறு காட்சியே சிறந்த சான்று என்பது என் கருத்து. பாசிமணி மாலையைத் திருடவில்லை என்று மறுத்த அக்காள் துர்க்கை இறந்துவிடுகிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில், அம்மாலை வீட்டில் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதைத் தம்பி அப்பு காண்கிறான். எவரிடமும் கூறாது ஓடிச்சென்று குளத்தில் எறிகிறான். நீர்மேல் படர்ந்த பாசி விலகி, ஒரு கணம் கருநீர் தெரிந்து, பின் மெல்ல மூடிக்கொள்கிறது. அவ்வளவே. சிறுவன் அழவில்லை, பேசவும் இல்லை.

தமிழ் கற்றோர்க்கு இப்பாசி புதியதன்று. குறுந்தொகையின் 399ஆம் பாட்டில் பரணர், ஊரார் நீருண்ணும் கேணியின் பாசியைத் தலைவியின் பசலைக்கு உவமை ஆக்குகிறார். அங்கே உவம உருபு உண்டு; பொருளும் உவமையும் இணைத்துக் காட்டப்படுகின்றன. திரையில் உருபு இல்லை. குளம் குளமாகவே நிற்கிறது. எனினும் ஒரு குடும்பம் தன் குழந்தையின் மறைவைத் தன்னுள் மூடிக்கொண்டதும், தம்பி தமக்கையின் பிழையை மறைத்ததும் அதனுள் அடங்கிவிடுகின்றன. தொல்காப்பியர் உள்ளுறைக்குக் கருப்பொருளை நிலைக்களமாக்கியதை இங்கு ஒப்பு நோக்கலாம். நிலத்துக்குரிய பொருள், தன் இயல்பில் பிறழாமல் நின்றே மனத்தைச் சொல்லவேண்டும். ஒரு கிளையில் காட்டைக் காட்டிய ஓவியர்களிடம் பயின்ற கை இதனைச் செய்தது.

காலத்தில் இயங்கும் கோடு

ஓவியம் அசையாதது, திரை அசைவது என்று பிரிப்பது எளிது. நம் மரபு அவ்வளவு எளிதாகப் பிரித்ததில்லை. மாங்காட்டுக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பாடிய அடியார் வரலாறுகள், தாராசுரம் கோயிலில் சிற்றுருவச் சிற்பங்களாகத் தொடர்ந்து செல்கின்றன. திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. ஓவியத்தின் கீழ்த் தமிழில் விளக்கமும் எழுதப்பட்டுள்ளது. பார்ப்பவர் நடக்க நடக்கக் கதை நகர்கிறது. வங்கத்தில் சுருளோவியத்தை விரித்துக்கொண்டே கதை பாடுவோர் இருந்தனர். வினோத்பிகாரி 1947இல் இந்தி பவனத்துச் சுவர்களில் தீட்டிய இடைக்கால அடியார் ஓவியமும் இத்தகையதே. கபீரும் துளசிதாசரும் சூர்தாசரும் மக்கள் பெருக்கின் நடுவே ஓர் ஆறு போல் தொடர்கின்றனர்.

1964இல் வந்த ‘சாருலதா’வின் தொடக்கத்தை இம்மரபின் துணைகொண்டு பார்த்தல் வேண்டும். செல்வர் வீட்டு இளம் மனைவி கைக்குட்டையில் கணவனின் பெயரெழுத்தைத் தைக்கிறாள். பின் சன்னல் சன்னலாகச் சென்று, கைப்பிடியுள்ள சிறு தொலைநோக்கியால் தெருவில் செல்வோரைக் காண்கிறாள். நூலில் ஆழ்ந்த கணவன் அவளைப் பாராமலே கடந்து செல்கிறான். அவள் அக்கண்ணாடியை உயர்த்தி, தூரத்து மனிதனைப் பார்ப்பது போல் அவனையும் பார்க்கிறாள். பல நிமிடங்கள் பேச்சே இல்லை. ஒரு பெண்ணின் தனிமை முழுவதையும் அறையின் நீளத்தாலும் சன்னல்களின் வரிசையாலும் சுருளோவியம் போல் விரித்துவிடுகிறார். படத்தின் முடிவிலோ இதற்கு நேர்மாறு நிகழ்கிறது. பிரிவுக்குப் பின் நீளும் கணவன் மனைவியின் கைகள் தொடும் முன்னரே காட்சி உறைந்து, அசையாப் படங்களாகிவிடுகிறது. இனிச் சேர்வார்களா என்னும் வினாவுக்கு விடையளிக்க இயலாத இடத்தில் திரை ஓவியமாகி நிற்கிறது. அழகின் பொருட்டு நின்ற நிலை அன்று அது. உண்மையின் பொருட்டு நின்றது.

‘அபராஜிதோ’ (1956) படத்தில் காசி நகரத்துப் பழைய வீட்டின் முற்றத்தைக் கூடத்துக்குள் கட்டினர். நாற்புறமும் சுவர் எழுந்த அவ்வகை முற்றத்தில் வானிலிருந்து இறங்கும் ஒளிக்கு நிழல் இராது. அதைப் பெற, மேலே வெண்துணியை இழுத்துக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்தார் சுப்ரத மித்ரா. உலகத் திரைக்கலை பின்னர்ப் பரவலாகக் கைக்கொண்ட முறை இது. இத்தகைய ஒளியில் முகம் மெருகு பெறுவதில்லை, இருக்குமாறே இருக்கிறது.

இவ்விடத்தில் ராயின்மீது கூறப்பட்ட குறையையும் எண்ணவேண்டும். இந்திய வறுமையை வெளிநாட்டாருக்குக் காட்டிப் புகழ் தேடினார் என்று 1980இல் மாநிலங்களவையில் நடிகை நர்கீஸ் குற்றம் சாட்டினார். வறுமையை அழகாக்கினார் என்பாரும் உளர். இரண்டு குறைகளும் ஒன்றையொன்று மறுப்பன. வறுமையை அவர் காட்சிப்பொருளாக்கவில்லை, மெருகிடவும் இல்லை. ஒடுக்கு விழுந்த பாத்திரம், சுவரின் ஈரக்கறை, முதியவளின் கிழிந்த போர்வை ஆகியவற்றை வரைபவன் காணும் கவனத்தோடு கண்டார். கவனம் செலுத்துதல் ஒருவகை மதிப்பு. ஏழையின் பொருளை மதித்துப் பார்த்தமையே பலருக்கு அழகாகத் தோன்றியது.

அகக்கண்

இயக்குநரான பின்னரும் கோடு அவரை விடவில்லை. கடைக்காரர்கள் வரவு செலவு எழுதும் சிவப்புத் துணி அட்டைப் பேரேடுகளில் காட்சி அமைப்பு, உடை, அணிகலன், முகம் யாவற்றையும் வரைந்தார். சுவரொட்டிகளையும் தலைப்பெழுத்துகளையும் தாமே அமைத்தார். அவர் உருவாக்கிய ஆங்கில எழுத்துருக்கள் 1971இல் பன்னாட்டுப் போட்டியொன்றில் பரிசு பெற்றன. அறுபதுகளின் நடுவிலிருந்து ஒளிப்பதிவுக் கருவியையும் தாமே இயக்கினார்.

தம் ஆசிரியர்க்கு அவர் செலுத்திய கடன் 1972இல் எடுத்த ‘தி இன்னர் ஐ’ என்னும் இருபது நிமிட ஆவணப்படம். வினோத்பிகாரி 1957இல் அறுவை மருத்துவத்துக்குப் பின் பார்வையை முற்றும் இழந்தார். ஆயினும் படைப்பதை நிறுத்தவில்லை. தாளை வெட்டியும், ஓட்டுத்துண்டுகளைச் சுவரில் பதித்தும் கையின் நினைவால் உருவங்களை எழுப்பினார். அவர் காணாத சுவரை நாம் காண்கிறோம். நாம் காணாத ஒன்றை அவர் விரல்கள் காண்கின்றன. இரங்கத் தூண்டும் எதுவும் படத்தில் இல்லை. ஓவியம் கண்ணின் இன்பத்தோடு முடிவதன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா. கண் இல்லாத இடத்திலும் ஓவியம் உண்டு என்றால், கண்ணுக்கினிய காட்சியை ஓவியம் என்று வரையறுப்பது எங்ஙனம் பொருந்தும்?

1983இல் இதயநோய் தாக்கிய பின் ராயின் பணி குறைந்தது. 1987இல் தந்தையைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 1991இல் முடித்த ‘ஆகந்துக்’ அவருடைய இறுதிப் படம். நெடுங்காலம் கழித்து உறவினர் வீட்டுக்கு வரும் முதியவர் ஒருவர் அதன் தலைவர். இளமையில் ஓவியக் கல்வியை நாட எண்ணியிருந்த அவர், அல்தமீரா குகையில் ஆதிமனிதன் தீட்டிய காட்டெருதின் படத்தைக் கண்டு, எந்தக் கலைப்பள்ளியும் இதைக் கற்பிக்க இயலாது என்று உணர்ந்து உலகம் சுற்றப் புறப்பட்டவர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கலைப்பள்ளியைவிட்டு வெளியேறிய இளைஞரின் நிழல் அம்முதியவர்மேல் படிந்திருப்பதைக் காண்கிறோம். மறு ஆண்டு ஆஸ்கார் குழுவின் சிறப்பு விருதும் பாரத ரத்னாவும் நோய்ப்படுக்கையில் இருந்தவரைத் தேடி வந்தன. 1992 ஏப்ரல் 23ஆம் நாள் அவர் மறைந்தார்.

ராய் விட்டுச்சென்ற படங்களில் சுவரில் மாட்டத்தக்க காட்சிகள் பல உண்டு. அவற்றை அவர் தேடிச் செல்லவில்லை என்பதே நாம் கருதவேண்டுவது. வேண்டாததை நீக்குதல், ஒரு பொருளை முற்ற நோக்குதல், அப்பொருளைத் தன் இயல்பிலேயே நிற்கவிட்டு அதன்வழி மனத்தைப் பேசவைத்தல் ஆகிய மூன்றுமே ஓவியம் அவருக்கு அளித்த கொடை. படிமத்தைப் பற்றிப் பத்தாண்டுகளாக உரையாடி வரும் நம் வட்டத்துக் கவிஞர்களுக்கு இம்மூன்றும் அயலானவை அல்ல. சங்கப் புலவர் கைக்கொண்ட நெறியும் அதுவே. இனி ஒரு கவிதையையோ படத்தையோ ஓவியம் போல் உள்ளது என்று பாராட்ட நா எழும்போது, அதில் எது அழகாக உள்ளது என்பதற்கு முன்னர், எது உற்று நோக்கப்பட்டுள்ளது என்று கேட்டுப் பார்ப்போம்.